ரூஃபர் போனை எடுக்கவில்லை, கூரை பாதி திறந்து கிடக்கிறது

கேள்வி: டெக்சஸில், டல்லாஸுக்கு வடக்கே பிளேனோவில் எங்களுக்குச் சொந்த வீடு. ஏப்ரலில் பெய்த ஆலங்கட்டி மழையில் கூரை அடிபட்டது. கதவைத் தட்டி வந்த ஒரு ரூஃபர் (கூரை வேலை செய்பவர்), "இன்சூரன்ஸோடு எல்லாம் நானே பேசி வாங்கித் தருகிறேன், டிடக்டிபிளையும் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். என் கணவர் மட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். இன்சூரன்ஸ் மதிப்பீடு 24,600 டாலர். தேய்மானம் 8,200, டிடக்டிபிள் (நாங்களே போட வேண்டிய பங்கு) 4,200 போக முதல் செக் 12,200 டாலருக்கு வந்தது. மார்ட்கேஜ் கம்பெனியின் கையெழுத்தும் வாங்கி அப்படியே அவரிடம் கொடுத்துவிட்டோம். ஜூனில் ஆட்கள் வந்து பின்பக்கச் சரிவை மட்டும் பிரித்தார்கள், கறுப்பு ஷீட் விரித்தார்கள், டிரைவ்வேயில் 36 கட்டு ஷிங்கிளை (கூரை மேல் அடிக்கும் தகடுகளை) இறக்கிவிட்டுப் போனார்கள். ஏழு வாரமாகிறது. போன வாரம் ஷிங்கிள் விற்ற கடையிலிருந்து கடிதம்: 2,180 டாலர் பாக்கி, தராவிட்டால் வீட்டின் மேல் லீன் (கடனுக்காக வீட்டின் மேல் பதியும் உரிமை) போடுவோம் என்று. போலீஸில் கேட்டால் "இது சிவில் விவகாரம்" என்கிறார்கள். எங்கள் பணம் திரும்பக் கிடைக்குமா? ஃபேஸ்புக் குழுவில் அவர் பெயரைப் போட்டு எழுதலாமா?

பதில்: வணக்கம் சகோதரி. போன 12,200 டாலரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முதல் கவலை, தேய்மானம் என்று பிடித்துவைத்து இன்னும் வராத 8,200 டாலரைப் பற்றி. அது இன்சூரன்ஸ் கம்பெனியிடமே இருக்கிறது. கூரை வேலை முடிந்ததற்கு ஆதாரம் காட்டினால் வரும், பாலிசி சொல்லும் கெடுவுக்குள் காட்டாவிட்டால் வராது. பல பாலிசிகளில் அந்தக் கெடு 365 நாள். அது சேதம் நடந்த நாளிலிருந்தா, முதல் செக் தேதியிலிருந்தா என்பதை உங்கள் பாலிசியில் பாருங்கள். ரூஃபரைத் துரத்துவதில் ஏழெட்டு மாதம் ஓடி, இந்தப் பணமும் கைவிட்டுப் போவதுதான் இம்மாதிரி விவகாரங்களில் நடக்கும் பெரிய நஷ்டம். இன்றே அட்ஜஸ்டருக்கு (சேதத்தை மதிப்பிட்ட இன்சூரன்ஸ் ஆளுக்கு) மின்னஞ்சல் எழுதுங்கள். கிளெய்ம் எண்ணைக் குறிப்பிட்டு, காண்ட்ராக்டர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டார், வேறு ஆளை வைத்து முடிக்கப் போகிறோம், தேய்மானத் தொகைக்கான கெடுவை எழுத்தில் நீட்டித்துத் தாருங்கள் என்று கேளுங்கள். ரூஃபருக்கு நேராகப் பணம் அனுப்பலாம் என்று முன்பு ஏதாவது படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்த அனுமதியை ரத்து செய்கிறோம், இனி எந்தச் செக்கிலும் அவர் பெயர் வரக்கூடாது என்று அதே கடிதத்தில் சேருங்கள். மார்ட்கேஜ் கம்பெனியில் இன்சூரன்ஸ் செக்குகளைக் கவனிக்கும் பிரிவுக்கும் ஒரு நகல் போகட்டும்.

இன்சூரன்ஸ்காரர் 12,200 டாலரை மறுபடி தரமாட்டார். உங்கள் சேதத்துக்கான பணத்தை அவர் உங்களுக்குக் கொடுத்தாகிவிட்டது, ரூஃபர் நீங்கள் அமர்த்திய ஆள். அந்தக் கதவைத் தட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அடுத்தது கூரை. அந்தக் கறுப்பு ஷீட் கூரை ஆகாது, ஷிங்கிளுக்கு அடியில் போடும் விரிப்பு மட்டுமே. எத்தனை நாள் வெயிலில் தாங்கும் என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும். ஷீட்டின் மேலேயே பிராண்டு பெயர் அச்சாகியிருக்கும், தயாரிப்பாளரின் விவரத்தாளில் நாள் கணக்கு இருக்கும். ஏழு வார டெக்சஸ் கோடை வெயிலுக்குப் பிறகு ஆணி ஓட்டைகள் கிழிந்து பெரிதாகியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இதில் ஒரு பொறியும் இருக்கிறது. பல பாலிசிகளில், காற்றோ ஆலங்கட்டியோ கூரையில் ஓட்டை போட்டு அதன் வழியாக மழை வந்தால்தான் வீட்டுக்குள் ஆன சேதத்துக்குப் பணம். ரூஃபர் பிரித்துப் போட்ட திறப்பு வழியாகத் தண்ணீர் வந்து சீலிங் ஊறினால், "இது புயல் சேதமில்லை" என்று மறுக்க இடமுண்டு. மேலும், கூடுதல் சேதம் வராமல் பாதுகாக்கும் பொறுப்பைப் பாலிசி உங்கள் தலையில்தான் வைத்திருக்கிறது. ஆகவே உடனே ஓர் ஆளை வைத்து டார்ப் (தார்ப்பாய்) போடுங்கள். டார்ப்பின் மேல் விளிம்பு கூரை முகட்டைத் தாண்டி முன்பக்கச் சரிவில் மூன்று நான்கு அடி இறங்க வேண்டும். முகட்டுக்குக் கீழேயே நின்றால் தண்ணீர் அதன் அடியில் புகுந்துவிடும். விளிம்பை மரச்சட்டத்தில் சுற்றித் திருகணும். வெறும் ஆணி முதல் காற்றிலேயே பிய்ந்துவிடும். டார்ப் போடுவதற்கு முன் நான்கு பக்கமும், அட்டிக்குக்குள்ளும் தேதி தெரியப் படம் எடுத்து வையுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அவசரமாக மூடுவதை ஒப்பந்த மீறல் என்று யாரும் சொல்ல முடியாது.

புதிய ரூஃபரை ஷிங்கிள் போட அழைப்பது வேறு கதை. அதற்கு முன் பழையவருக்கு எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஆளை மாற்றிய வீட்டுக்காரரைப் பார்த்து, "நான் வரத் தயாராக இருந்தேன், அவர்கள்தான் என்னை வெளியே தள்ளினார்கள்" என்று கோர்ட்டில் சொல்வது ரூஃபர்களின் வாடிக்கையான வாதம். ஒப்பந்தத்தை எடுத்து மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: குறை தீர்க்க எத்தனை நாள் நோட்டீஸ் என்ற நிபந்தனை, வழக்குக்குப் பதில் ஆர்பிட்ரேஷன் (தனி நடுவரின் தீர்ப்பு) என்ற நிபந்தனை, ரத்து உரிமை பற்றிய அறிவிப்பு. வீடு தேடி வந்து விற்றவர் என்பதால் மூன்றாவது வேலை நாள் நள்ளிரவு வரை ரத்து செய்யலாம் என்ற அறிவிப்பை அவர் தந்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் உங்கள் வழக்கறிஞருக்கு இன்னொரு பிடி. நாள் கணக்கு எதுவும் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் பத்து நாள் கொடுங்கள். கடைசியாக ஆட்கள் வேலை செய்த தேதி, நீங்கள் அழைத்த தேதிகள், செலுத்திய தொகை, என்ன முடிந்திருக்கிறது என்ன முடியவில்லை என்பதை எழுதி, இந்தத் தேதிக்குள் வேலையைத் தொடராவிட்டால் கைவிட்டதாகக் கொண்டு ஒப்பந்தத்தை முடிக்கிறோம் என்று சொல்லுங்கள். சர்ட்டிஃபைட் மெயிலில் ரிட்டர்ன் ரிசீப்டோடு அனுப்புங்கள். அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் அனுப்புங்கள். தபால் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தால் அந்த உறையைக் கிழிக்காமல் அப்படியே வையுங்கள், அதுவும் சாட்சிதான்.

டெக்சஸில் ரூஃபருக்கு மாநில லைசென்ஸ் கிடையாது. அதனால் லைசென்ஸ் போர்டில் புகார், நஷ்ட ஈட்டு நிதி என்று வேறு மாநில நண்பர்கள் சொல்லும் வழிகள் இங்கே இல்லை. ஆனால் பலருக்குத் தெரியாத வலுவான ஆயுதம் ஒன்று இருக்கிறது: சொத்துச் சட்டத்தின் 162ஆம் அத்தியாயம். கட்டுமான டிரஸ்ட் நிதிச் சட்டம் என்று சொல்வார்கள். வீட்டு வேலைக்காக நீங்கள் கொடுத்த பணம் காண்ட்ராக்டரின் சொந்தப் பணம் ஆகாது. அந்த வேலைக்கான கூலிக்கும் சரக்குக்கும் போக வேண்டிய டிரஸ்ட் பணம் அது, அவர் அதன் டிரஸ்டி. வீட்டு ஒப்பந்தமானால் வீட்டுக்காரரும் அதன் பயனாளி. நீங்கள் குடியிருக்கும் சொந்த வீட்டில் 5,000 டாலருக்கு மேற்பட்ட எழுத்து ஒப்பந்தம் என்றால், அந்தப் பணத்தை அவர் தனியாகக் கட்டுமானக் கணக்கு என்ற பெயரில் வங்கியில் போட்டு, வரவு செலவு எழுதி வைத்திருக்க வேண்டும். பணத்தைக் கட்டுப்படுத்திய கம்பெனி அதிகாரியும் தனிப்பட்ட முறையில் டிரஸ்டிதான். எல்.எல்.சி. என்ற போர்வைக்குள் அவர் எளிதாக ஒளிந்துகொள்ள முடியாது.

உங்களைப் பயமுறுத்திய அந்தக் கடைக் கடிதம் இங்கேதான் உதவுகிறது. 12,200 டாலர் வாங்கியவர் 2,180 டாலர் சரக்குக் கடனைக் கட்டவில்லை என்பதை மூன்றாம் ஆள் தன் லெட்டர்ஹெட்டில் எழுதித் தந்திருக்கிறார். பணம் திசை மாறியதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அந்தச் செக்கின் பின்பக்க நகலையும் கேளுங்கள். எந்தக் கணக்கில் போடப்பட்டது என்று அதில் தெரியும். அவருடைய சொந்தக் கணக்கு என்றால் விஷயம் இன்னும் தெளிவு.

லீன் பற்றிப் பெரிதாகப் பயப்படத் தேவையில்லை, ஆனால் கடிதத்தை மேஜை டிராயரில் போட்டு மறந்துவிடவும் வேண்டாம். குடியிருக்கும் வீட்டின் மேல் லீன் விழ வேண்டுமென்றால் வேலை தொடங்கும் முன்பே எழுத்து ஒப்பந்தம் இருக்க வேண்டும், கணவன் மனைவி இருவரும் அதில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், அது கவுண்டி கிளார்க்கிடம் பதிவாகியிருக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் கணவர் கையெழுத்து மட்டும்தான். இதைச் சொல்லி, வீடு உங்கள் ஹோம்ஸ்டெட் (குடியிருக்கும் சொந்த வீடு) என்று குறிப்பிட்டு, கடைக்கு எழுத்தில் பதில் போடுங்கள். கட்டுப் பிரிக்காத 36 கட்டையும் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பாக்கித்தொகை அங்கேயே குறையும். அதுவரை அதைப் பயன்படுத்தவோ தூக்கிப் போடவோ வேண்டாம். (ஒரு ஸ்கொயர் என்பது 100 சதுர அடி. உதாரணமாக 32 ஸ்கொயர் கூரைக்கு, ஸ்கொயருக்கு மூன்று கட்டு என்றாலே 96 கட்டு வேண்டும், சேதாரம் தனி. 36 கட்டு வாங்கியவர் முழு வேலையை முடிக்கும் எண்ணத்தில் சரக்கு எடுக்கவில்லை என்பதும் குறித்து வைக்க வேண்டிய சங்கதி. கூரையின் அளவு எத்தனை ஸ்கொயர் என்று இன்சூரன்ஸ் எஸ்டிமேட்டின் முதல் வரிகளிலேயே இருக்கும், சரிபாருங்கள்.) கடையின் கடிதம் வந்த பிறகு ரூஃபருக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். "ஆயிரம் கொடுங்கள், நாளைக்கே ஆள் அனுப்புகிறேன்" என்று போன் வரலாம்.

இனி எவ்வளவு கேட்பது என்று பார்ப்போம். பெரும்பாலோர் கொடுத்ததை முழுதாகக் கேட்கிறார்கள். ஒப்பந்தம் மீறப்பட்டால் நீதிபதி பார்க்கும் கணக்கு வேறு. புதிய ரூஃபர் மீதி வேலையை முடிக்கக் கேட்கும் தொகையிலிருந்து, பழைய ஒப்பந்தப்படி நீங்கள் இன்னும் கொடுக்க வேண்டியிருந்த தொகையைக் கழிக்க வேண்டும். ஒப்பந்தம் 24,600 என்றால் இன்னும் தர வேண்டியது 12,400. புதியவர் 22,900 கேட்டால் உங்கள் நஷ்டம் 10,500 டாலர். அதோடு டார்ப் செலவு, ஊறிய பலகை, சீலிங் ரிப்பேர் சேரும். இரண்டு ரூஃபர்களிடம் வரிவாரியாக எழுத்து எஸ்டிமேட் வாங்குங்கள், "ரூஃப் வேலை 22,900" என்று ஒற்றை வரியில் வரும் காகிதம் கோர்ட்டில் நிற்காது. சீலிங் ஊறியிருந்தால், ரூஃபர் முன்பு காட்டிய இன்சூரன்ஸ் சான்றிதழில் உள்ள கம்பெனிக்கும் எழுதுங்கள். அவருடைய லயபிலிட்டி பாலிசி முடிக்காத வேலைக்குப் பணம் தராது. ஆனால் அந்த வேலையால் வீட்டுக்கு நேர்ந்த தண்ணீர் சேதத்துக்குச் சில சமயம் தரும்.

பணம் கேட்டு ரூஃபருக்கு அனுப்பும் டிமாண்ட் கடிதம் தனி. இதில் 162ஆம் அத்தியாயத்தைக் குறிப்பிட்டு, கட்டுமானக் கணக்கின் வரவு செலவைக் கேளுங்கள், நஷ்டக் கணக்கை இணையுங்கள். டி.டி.பி.ஏ. எனப்படும் ஏமாற்று வணிக நடைமுறைச் சட்டத்தின் கீழும் கேட்கிறோம் என்று எழுதினால், வழக்குக்கு 60 நாள் முன்னதாக இந்தக் கடிதம் போயிருக்க வேண்டும். தெரிந்தே ஏமாற்றினார் என்று நிரூபித்தால் அந்தச் சட்டத்தில் பொருளாதார நஷ்டத்தின் மூன்று மடங்கு வரை கிடைக்க வழியுண்டு, வழக்கறிஞர் கட்டணமும் உண்டு. அதற்கான கெடு இரண்டு ஆண்டு, வெறும் ஒப்பந்த மீறலுக்கு நான்கு ஆண்டு. போட்ட வேலையிலும் கோளாறு என்றால் அதற்குத் தனியே 60 நாள் நோட்டீஸ் விதி இருக்கிறது, அதையும் இதே கடிதத்தில் விவரித்துவிடலாம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: "பணம் தராவிட்டால் போலீஸுக்குப் போவேன்" என்று எழுதாதீர்கள். குற்றப் புகாரைக் காட்டிப் பணம் கேட்பது உங்கள் மேலேயே திரும்பக்கூடும். புகார் கொடுப்பதாக இருந்தால் சொல்லாமல் கொடுங்கள்.

போலீஸ் ஏன் சிவில் என்கிறது? டெக்சஸ் தண்டனைச் சட்டப்படி, வாக்குக் கொடுத்து நிறைவேற்றவில்லை என்பது மட்டும் ஏமாற்றும் எண்ணத்துக்குப் போதுமான சாட்சியாகாது. வேறு ஆதாரம் வேண்டும். "வேலையை முடிக்கவில்லை" என்று மட்டும் சொன்னால் அவர்கள் திருப்பி அனுப்புவது அதனால்தான். கையில் ஒரு கோப்போடு போங்கள்: ஒப்பந்தம், செக்கின் இருபக்க நகல், கடையின் பாக்கிக் கடிதம், 36 கட்டுக் கணக்கு, இதே ரூஃபரிடம் மாட்டிய வேறு வீட்டுக்காரர்கள் இருந்தால் அவர்கள் பெயர். "டிரஸ்ட் நிதியைத் தவறாகப் பயன்படுத்தினார், 162ஆம் அத்தியாயம்" என்ற வார்த்தையைப் பயன்படுத்துங்கள். 500 டாலருக்கு மேல் தெரிந்தே திசைதிருப்பினால் ஏ வகுப்பு மிஸ்டிமீனர் (சிறு குற்றம்), ஏமாற்றும் எண்ணத்தோடு என்றால் மூன்றாம் நிலை ஃபெலனி (பெருங்குற்றம்). பணம் முழுவதும் அந்த வேலைக்கே செலவானது என்று அவர் காட்டினால் தப்பலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காவல் நிலையத்தில் நகரவில்லை என்றால் கவுண்டியின் மாவட்ட அட்டர்னி அலுவலகத்தில் கொடுங்கள். அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவுப் புகாரையும் பதிந்து வையுங்கள், பணம் வாங்கித் தரமாட்டார்கள், ஆனால் புகார்கள் சேரச் சேரக் கனம் கூடும்.

அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களுக்கு வருகிறேன். "இன்சூரன்ஸோடு நானே பேசி வாங்கித் தருகிறேன்" என்பது ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கிறதா? ரூஃபர் ஒருவர் அட்ஜஸ்டரிடம் வேலையின் அளவை விளக்கலாம். உங்கள் சார்பில் கிளெய்ம் தொகையைப் பேரம் பேசக் கூடாது, அதற்குப் பப்ளிக் அட்ஜஸ்டர் (வீட்டுக்காரர் சார்பில் பேரம் பேசுபவர்) லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இருந்தாலும் தான் கூரை போடும் வீட்டுக்கே அட்ஜஸ்டராக இருக்க முடியாது. இந்தத் தடையை டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 2024இல் உறுதி செய்தது. லைசென்ஸ் இல்லாமல் அப்படிச் செய்தவரின் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை இன்சூரன்ஸ் சட்டத்தின் 4102ஆம் அத்தியாயத்தில் உங்களுக்கு இருக்கிறது. ரத்தானால் "செய்த வேலைக்குக் காசு" என்றும் அவர் கேட்க முடியாது. நோட்டீஸ் அனுப்பும் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துப் பார்க்க வேண்டிய இடம் இது ஒன்றுதான், ஏனெனில் ஒப்பந்தத்தை ரத்து செய்வதும் மீறலுக்கு நஷ்ட ஈடு கேட்பதும் வேறு வேறு பாதைகள்.

"டிடக்டிபிளைப் பார்த்துக்கொள்ளலாம்" என்பது ஆபத்தான பேச்சு. 2019 செப்டம்பர் முதல் டிடக்டிபிளைத் தள்ளுபடி செய்வது காண்ட்ராக்டருக்குக் குற்றம். 4,200 டாலர் உங்கள் பையிலிருந்துதான் போக வேண்டும், தேய்மானத் தொகையைத் தரும் முன் அதைக் கட்டியதற்கு ஆதாரம் கேட்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உரிமை உண்டு. புதிய ரூஃபருக்குச் செக்கில் கட்டுங்கள், ரொக்கமாக வேண்டாம்.

டிமாண்ட் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் சிறிய வழக்குகளுக்கான ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட். 20,000 டாலர் வரை வழக்கறிஞர் இல்லாமலே போடலாம். வழக்குப் போடும் முன் மாநில கம்ப்ட்ரோலர் இணையதளத்தில் கம்பெனியின் சரியான பெயரையும் ரெஜிஸ்டர்ட் ஏஜெண்டையும் (கம்பெனிக்காகச் சம்மன் வாங்கப் பதிவான ஆளையும்) இலவசமாகத் தேடுங்கள். லாரியில் எழுதியிருக்கும் பெயரில் போட்ட வழக்கில் தீர்ப்பு வந்தாலும் வசூலிக்க ஆள் இருக்காது. கம்பெனியையும், பணத்தைக் கையாண்ட ஆளையும், இருவரையும் பிரதிவாதியாக்குங்கள். சம்மன் கையில் கிடைத்த பதினான்காம் நாள் முடிவதற்குள் அவர் பதில் போடவில்லை என்றால் டீஃபால்ட் தீர்ப்பு (எதிர்தரப்பு வராததால் தரும் தீர்ப்பு) கேட்கலாம். அப்போதும் நஷ்டக் கணக்கை நீங்கள் காட்டியே ஆகவேண்டும். மூன்று மடங்கு நஷ்ட ஈடு என்று போனால் 20,000 வரம்பைத் தாண்டும், மேல் கோர்ட்டும் வழக்கறிஞரும் தேவைப்படும். 10,500 டாலர் நஷ்டத்துக்கு, அவரிடம் வசூலிக்கச் சொத்து இருக்கிறது என்று தெரியாதவரை, சிறிய கோர்ட்டே போதும் என்பது என் கருத்து. டெக்சஸில் சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தைப் பிடிக்க முடியாது, அவர் குடியிருக்கும் வீட்டையும் தொட முடியாது. வங்கிக் கணக்கை முடக்கலாம். தீர்ப்பின் சுருக்கத்தைக் கவுண்டியில் பதிந்து வைத்தால் அவருடைய மற்ற நிலத்தின் மேல் அது நிற்கும். அந்தச் செக்கின் பின்பக்கத்தில் உள்ள வங்கிப் பெயர் அப்போதும் உதவும்.

புதிய ரூஃபரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். சரக்கு வந்து இறங்கியதும் கடை பெயரும் ரூஃபர் பெயரும் சேர்ந்த செக், வேலை முடிந்து பாக்கியில்லை என்று கடையும் ரூஃபரும் லீன் விடுதலைக் கடிதம் தந்ததும் மீதி. பழைய ஷீட்டின் மேலேயே ஷிங்கிள் அடிக்க விடாதீர்கள். ஷீட்டை எடுத்து அடிப்பலகையைப் பார்த்து, ஊறிய நாலுக்கு எட்டு அடிப் பலகை ஒன்றுக்கு எவ்வளவு என்பதை முன்னமே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஃபேஸ்புக் குழுவில் எழுதலாம். தேதி, கொடுத்த தொகை, முடிந்த வேலை, அனுப்பிய நோட்டீஸ் ஆகிய நான்கை மட்டும் எழுதுங்கள், அதற்கெல்லாம் உங்களிடம் காகிதம் இருக்கிறது. "திருடன்", "ஃபிராடு" என்ற சொற்களைத் தீர்ப்பு வரும்வரை எழுதாதீர்கள். அவதூறு என்று அவர் எதிர்வழக்குப் போட்டால் உங்கள் கோப்பில் தேவையில்லாத இன்னொரு தாள் சேரும். இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். போலீஸிடம் போகும்போது அந்தப் பெயர்கள் தேவைப்படும்.